உச்சிப்புளியில் இறங்கியவள்

சென்னையிலிருந்து ஆக்லாந்துக்கு ராமலெட்சுமி மூன்று முறை விமானம் ஏறினாள். மூன்று முறையும் உச்சிப்புளியில்தான் இறங்கினாள்.

வானத்தில் நேராக அளந்தால் சென்னைக்கும் நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கும் நடுவே பதினோராயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். சிங்கப்பூரில் இறங்கி, காத்திருந்து, வேறு விமானம் மாறிப் போனால் ஒரு பகலும் ஒரு இரவும் பிடிக்கும். ராமநாதபுரத்தில் டிக்கெட் போட்டுத் தருகிறவர்கள் எல்லாரும் இதையேதான் சொல்வார்கள். அவளோடு அந்த விமானங்களில் ஏறிய மற்றவர்களுக்கு அந்தக் கணக்கு சரியாகவே இருந்தது. அவர்கள் ஆக்லாந்தில் இறங்கி, குளிருக்கு மேல்சட்டையை மாட்டிக்கொண்டு, அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ராமலெட்சுமி மட்டும் விமானத்தின் வாசலைத் தாண்டி நான்கு எட்டு வைத்ததும், உச்சிப்புளி கடற்படை விமானதளத்து மதிலுக்கு வெளியே, சீமைக்கருவேலங்காட்டு ஓரத்தில், ராமேஸ்வரம் ரோட்டைப் பார்த்து நின்றாள்.

அவளுடைய ஊர் திருவாடானைக்குக் கிழக்கே உள்ள ஆவரேந்தல். மழையை நம்பி நெல்லும், அதைத் தொட்டுக் குண்டு மிளகாயும் போடுகிற ஊர். அய்யா மலையாண்டிக்கு நிலம் இருந்தது, வாய்ச்சாமர்த்தியம் கிடையாது. ராமலெட்சுமியின் அம்மா இறந்தபோது தம்பி முனீஸ்வரன் ஒன்றாம் வகுப்பில் இருந்தான். அவனைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது, அவனுக்கு அம்மை போட்டிருந்தபோது வேப்பிலையால் வருடிக்கொண்டு பக்கத்திலேயே கிடந்தது, கல்லூரி விடுதிக்குச் சம்பா அரிசி அவலும் பருப்புப்பொடியும் இடித்து அனுப்பியது எல்லாம் அவள்தான். மிளகாய் வியாபாரமும் அவள் கைக்கு வந்தது. ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து வருகிற வியாபாரிகள் மலையாண்டியிடம் விலை பேசமாட்டார்கள். வண்டியை நிறுத்தியதுமே ஆத்தாவைக் கூப்பிடுங்க என்பார்கள். தம்பி படித்து முடிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் அவள் தள்ளிப் போட்டதில் முப்பது வயதைத் தாண்டிவிட்டாள். அதனால், படித்து முடித்த முனீஸ்வரனே ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துக் கொண்டுவந்தபோது அவளுக்குக் கல்யாண சந்தோஷத்தைவிட அந்தப் பெருமைதான் பெரிதாக இருந்தது. தம்பி ஆளாகிவிட்டான், அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கிறான் என்று களத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

மாப்பிள்ளை மாரீஸ்வரன் ராமநாதபுரத்துக்காரன். ஆக்லாந்தில் பழங்களைக் குளிர்பதனம் செய்து வைக்கிற கிட்டங்கி ஒன்றில் ஒன்பது வருடமாக மேற்பார்வை வேலை. மெதுவாகப் பேசுவான். யாரிடமும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவன். திருவாடானை சிவன் கோயிலில் தாலி கட்டிய மறுவாரம், நான்கு வீடுகளில் ஒரே நேரத்துக்கு விருந்துக்கு அழைத்தார்கள். நான்கு வீட்டுக்கும் வருகிறேன் என்று சொன்னான், ஒரு வீட்டுக்கும் போகவில்லை. நான்கு வீட்டிலும் இலை போட்டுக் காத்திருந்தார்கள். கூச்ச சுபாவம் என்று ராமலெட்சுமி அவனுக்காகப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள். விடுப்பு முடிந்து அவன் புறப்பட்டுப் போனான். தை பிறந்ததும் அவளுக்கு விசா வந்தது. போனில் அவன், வந்துரு லெட்சுமி, இங்கன எல்லாம் தயாரா இருக்கு என்றான்.

முதல் பயணத்தில் அவள் முன் இருக்கையின் முதுகில் பதித்திருந்த சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டே போனாள். அதில் ஒரு பொம்மை விமானம் நீலக் கடலின் மேல் ஊர்ந்தது. கீழே, போக வேண்டிய தூரம் எவ்வளவு என்று எண்கள் ஓடின. சிங்கப்பூர் வரைக்கும் எண் ஒழுங்காகக் குறைந்தது. அங்கே விமானம் மாறிய பிறகும் கொஞ்ச நேரம் குறைந்தது. பிறகு நின்றது. பிறகு கூடத் தொடங்கியது. பக்கத்தில் இருந்தவரின் திரையை எட்டிப் பார்த்தாள். அவருக்குக் குறைந்துகொண்டுதான் இருந்தது. பணிப்பெண் வந்து தட்டிப் பார்த்து, சில திரைகள் இப்படித்தான், தூங்குங்கள் என்று சொல்லிப் போர்வை கொடுத்துவிட்டுப் போனாள். ராமலெட்சுமி தூங்கினாள். விழித்தபோது விமானம் தரையிறங்கிக்கொண்டிருந்தது. எல்லாரோடும் வரிசையில் நின்று, வணக்கம் சொன்ன பணிப்பெண்ணுக்கு வணக்கம் சொல்லி, வெளியே காலை வைத்தாள். செருப்புக்குள் சுடுமணல் ஏறியது.

ரோட்டோரத்தில் இடியாப்பக் கடை வைத்திருந்த ரம்ஜான் பீவிதான் அவளை முதலில் பார்த்தது. பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவும், கழுத்தைச் சுற்றி விமானத்தில் கொடுத்த தலையணையுமாக வெயிலில் நின்ற பெண்ணைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, எங்கே போக வேண்டும் என்று கேட்டாள். ஆக்லாந்து என்றாள் ராமலெட்சுமி. அதற்கு ராமநாதபுரம் போய்த்தான் பஸ் மாற வேண்டும் என்று ரம்ஜான் பீவி பதில் சொன்னாள். சொன்ன பிறகுதான் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

பாஸ்போர்ட்டில் நாட்டைவிட்டுப் போனதற்கு முத்திரை இருந்தது, திரும்பி வந்ததற்கு இல்லை. விசாரித்த அதிகாரி நல்ல மனிதர். காகிதப்படி நீங்கள் இங்கே இல்லை அம்மா என்று வருத்தத்தோடு சொல்லி, சாயங்காலத்துக்குள் அதற்கும் ஒரு முத்திரைக்கு ஏற்பாடு செய்தார். அவளுடைய இரண்டு பெட்டிகள் மட்டும் ஆக்லாந்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்திருந்தன. பெட்டி வந்துவிட்டது, நீ எங்கே என்று மாரீஸ்வரன் போன் செய்தான். குரலில் பதற்றம் இருந்தது. அதில் ஓர் ஆறுதலும் இருந்ததை அவள் அப்போது கவனிக்கவில்லை. பல நாள் கழித்து, களத்தில் மிளகாய் புரட்டிக்கொண்டிருக்கும்போது அது தானாக அவள் காதில் திரும்ப ஒலித்தது.

இரண்டாவது பயணத்தில் முனீஸ்வரன் கூடவே வந்தான். மாரீஸ்வரன் தன் கிட்டங்கியிலேயே அவனுக்கு வேலை பார்த்து வைத்திருந்தான். ஆவரேந்தலில் அது பெரிய பேச்சாக இருந்தது. ஒரு கல்யாணத்தில் இரண்டு பிள்ளைகளும் கரையேறிவிட்டதாக மலையாண்டியை எல்லாரும் வாழ்த்தினார்கள். விமானத்தில் அவள் ஜன்னலோரமும் அவன் பக்கத்திலும் உட்கார்ந்தார்கள். அவன் திரையில் எண் குறைந்தது, அவள் திரையில் கூடியது. அவன் அதைப் பார்த்தான், ஆனால் ஆச்சரியப்படவில்லை. கையைப் புடிச்சுக்க முனீஸ் என்றாள். பிடித்துக்கொண்டான். சின்ன வயதில் திருவாடானைத் தேரோட்டத்தில் கூட்டத்துக்குள் போகும்போது பிடித்துக்கொள்கிற மாதிரியே விரல்களைக் கோத்துப் பிடித்தான். விமான வாசலைத் தாண்டும் வரை அந்தப் பிடி இருந்தது. உச்சிப்புளியில் அவள் கையை விரித்துப் பார்த்தபோது வேர்வை இன்னும் காயவில்லை.

அவன் அடுத்த விமானத்தில் திரும்பி வருவான் என்று அவள் ரம்ஜான் பீவி கடையில் காத்திருந்தாள். அவன் வரவில்லை. வந்ததும் வேலையில் சேரச் சொல்லிவிட்டார்கள், இங்கேயிருந்தே உனக்கு என்ன வழி என்று பார்க்கிறேன் என்று போனில் சொன்னான். அவள் அதை நம்பினாள். ஆவரேந்தலுக்குத் திரும்பி, வயலில் விதைப்பு வேலையைப் பார்த்தாள். அந்த மாதங்களில்தான் அவர்கள் பேச்சுக்கு நடுவே இடைவெளி விழத் தொடங்கியது. முதலில் அவள் பேசி முடித்து ஒரு மூச்சு விடுகிற நேரம். பிறகு ஒரு உலை கொதிக்கிற நேரம். காலையில் சாப்பிட்டாயா என்று கேட்டால், சாப்பிட்டேன் அக்கா என்ற பதில் மாடு திரும்பும் வேளைக்கு வந்து சேர்ந்தது. இதற்கும் தூரம்தான் காரணம், குரலும் அவ்வளவு தொலைவு நடந்துதானே வரவேண்டும் என்று ஊரில் ஏற்றுக்கொண்டார்கள். அவள் போனை வைக்காமல் இடுப்பில் செருகிக்கொண்டே வேலை செய்யப் பழகினாள்.

மூன்றாவது பயணம் புரட்டாசியில். இந்த முறை அவள் திரையைப் பார்க்கவில்லை, மேலே துணியைப் போட்டு மூடிவிட்டாள். விமானம் நின்றதும் முதல் ஆளாக இறங்கினாள். வாசலுக்கு வெளியே, சுரங்கம் போல நீளுகிற பாதை முதல் இரண்டு முறையைவிட அதிக தூரம் போனது. அவள் ஓடினாள். பாதையின் கடைசியில் ஒரு கண்ணாடிச் சுவர் இருந்தது. அதற்கு அந்தப்பக்கம் ஆக்லாந்து. வரவேற்க வந்தவர்களின் கூட்டத்தில் மாரீஸ்வரன் நின்றான். அவனை ஒட்டி, அவன் தோளில் கையைப் போட்டபடி ஒரு பெண் நின்றாள். உடுத்தத் தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தாலும் அது ராமலெட்சுமியின் அரக்குப் புடவைதான். முனீஸ்வரன் பின்னால் நின்றான். அவன் தோளில் உட்கார்ந்து, அவன் காதுகள் இரண்டையும் பிடித்துக்கொண்டு, ஒரு பெண் குழந்தை வாழைப்பழம் தின்றது. குழந்தைக்கு மாரீஸ்வரனின் நெற்றி. பழகிய தோளில்தான் குழந்தைகள் அப்படி உட்காரும். ராமலெட்சுமி கண்ணாடியைத் தட்டினாள். மாரீஸ்வரன் திரும்பவில்லை. முனீஸ்வரன் திரும்பினான். அவளை நேராகப் பார்த்தான். பிறகு குழந்தையின் கால்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டான். அவள் அடுத்த அடியை வைத்தபோது கருவேலமுள் செருப்பைத் துளைத்தது.

அன்றைக்கு அவள் ரம்ஜான் பீவியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வேறு யாரிடமும் சொல்லவில்லை. ரம்ஜான் பீவி முள்ளை எடுத்துவிட்டு, காலில் மஞ்சளைச் சுட்டு வைத்தபடி கேட்டாள். அவளுக்கும் வெளிநாட்டில் ஒரு கணவன் இருந்தான், அவன் வருடம் தவறாமல் வந்துகொண்டிருந்தான். அதனால் விமானத்தின் மேல் அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை.

“கூப்புடுற மனுசன் வாயால வான்னுட்டு மனசால வராதன்னா, பிளேன் என்ன புள்ள செய்யும்? அது எங்குட்டுத்தான் எறங்கும்?” என்றாள்.

“அவரு சரி. என் தம்பியுமா அப்படி நெனச்சான்?”

ரம்ஜான் பீவி அவள் காலைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள். சுட்ட மஞ்சளை இன்னொரு முறை வைத்தாள்.

ஆவரேந்தலுக்குப் போகிற பஸ்ஸிலேயே ராமலெட்சுமி தம்பிக்குப் போன் செய்து கேட்டாள். கத்தவில்லை, அழவில்லை. அந்தப் பொம்பளையும் பிள்ளையும் யாரு, ஒனக்கு எப்பயிருந்து தெரியும் என்று இரண்டே கேள்விதான். போனில் இரைச்சல் மட்டும் வந்தது. அவள் இணைப்பைத் துண்டிக்காமல் இடுப்பில் செருகிக்கொண்டாள். ஐப்பசியில் மழை பெய்தது. மிளகாய் நாற்று வேர் பிடித்தது. எப்போதோ கேட்ட கேள்விகளுக்கான பதில்கள் ஒவ்வொன்றாக வரிசைப்படி வந்துகொண்டிருந்தன. சாப்பிட்டேன் அக்கா என்றது ஒருநாள். இங்கே குளிர்தான், கம்பளி இருக்கிறது என்றது ஒருநாள். அய்யாவுக்கு மாத்திரை வாங்கிக் கொடு என்று கார்த்திகையில் ஒரு குரல் வந்தது. பொங்கலுக்கு வெள்ளையடித்தார்கள். மாசியில் முதல் பழம் எடுத்துக் களத்தில் பரப்பி, நாலைந்து பெண்கள் குந்தி உட்கார்ந்து வெளுத்துப்போன சோடையைப் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், அவள் இடுப்பிலிருந்து முனீஸ்வரன் தெளிவாகப் பேசினான்.

“தெரியும்க்கா. கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும். அவரே சொல்லிட்டாரு. எனக்கு வேலை எடுத்துத் தாரேன்னாரு. பிள்ளையப் பாத்துக்க ஊருலேர்ந்து ஆளு வருதுன்னு அந்த அக்காட்ட சொல்லி வச்சிருக்காரு. நீ வந்துட்டா எப்படியும் சமாளிச்சுக்கிருவன்னு நெனச்சேன். நீ எல்லாத்தையும் சமாளிப்பேல்லக்கா.”

பெண்கள் கையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். அவள் போனை எடுத்து, இணைப்பைத் துண்டித்து, மிளகாய்க் குவியலின் மேல் வைத்தாள். வேலையைப் பாருங்க என்றாள். அவளும் உட்கார்ந்து பொறுக்கினாள். சாயங்காலம்வரை சோடை என்று அவள் தள்ளியதெல்லாம் நல்ல பழமாக இருந்தது. யாரும் சொல்லவில்லை, அவள் போன பிறகு மாற்றிப் போட்டார்கள். மாரீஸ்வரன் மேல் அவளுக்கு வந்த கோபம் சித்திரைக்குள் ஆறிவிட்டது. நான்கு வீட்டில் இலை போட வைத்தவன் இரண்டு வீட்டில் பாய் விரிக்கவும் வைப்பான், அவ்வளவுதான். எப்படியும் சமாளிச்சுக்கிருவ என்ற அந்த ஒரு சொல்தான் ஆறவில்லை. தாயில்லாத பிள்ளையென்று அவள் எதையெல்லாம் தாங்கினாளோ, அதையெல்லாம் அவன் அவளுடைய பலமென்று எண்ணி அதன் மேல் பாரத்தை ஏற்றியிருந்தான். விவாகரத்து இரண்டு வருடத்தில் முடிந்தது. மாரீஸ்வரன் அதற்கும் மாட்டேன் என்று சொல்லவில்லை.

அய்யாவிடம் அவள் எதையும் சொல்லவில்லை. களத்தில் கேட்ட பெண்களும் அவரிடம் மட்டும் சொல்லவில்லை. மாப்பிள்ளை சரியில்லை என்ற அளவில் மலையாண்டிக்குத் தெரியும். மகனைப் பற்றித் தெரியாது. முனீஸ்வரன் வாரம் தவறாமல் அய்யாவோடு பேசினான். அவளோடு பேசக் கேட்பான், அவள் களத்தில் இருப்பதாகச் சொல்லச் சொல்வாள். வருடங்கள் போயின. பக்கத்து நிலத்தையும் குத்தகைக்கு எடுத்தாள். மாதம் ஒருமுறை பஸ் ஏறி உச்சிப்புளிக்குப் போய் ரம்ஜான் பீவி கடையில் ஒரு பகல் இருந்துவிட்டு வருவாள். மலையாண்டிக்கு இருதயம் பலவீனப்பட்டு, ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் கைவிட்டு வீட்டுக்கு அனுப்பியபோது, அவர் மகனைப் பார்க்க வேண்டும் என்றார். ராமலெட்சுமி தானே போன் செய்தாள். ஏழு வருடத்துக்குப் பிறகு அவனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை, வா.

அவன் அன்றைக்கே ஏறினான். ஒரு பகலும் ஒரு இரவும் கழித்து அழைத்தான். இறங்கிவிட்டதாகவும், வாசலைத் தாண்டினால் ஆக்லாந்துதான் இருக்கிறது என்றும் சொன்னான். மறுபடி ஏறினான். மறுபடியும் ஆக்லாந்திலேயே இறங்கினான். இதற்குள் மலையாண்டி இறந்துவிட்டார். ஐஸ் பெட்டியை வரவழைத்து அய்யாவைக் கிடத்தி, ஊர் பந்தலில் உட்கார்ந்து காத்திருந்தது. கொள்ளி வைக்க மகன் வரவேண்டும். முனீஸ்வரன் மூன்றாம் முறை ஏறியிருக்கிறான் என்று தகவல் வந்ததும் எல்லாருடைய பார்வையும் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ராமலெட்சுமி பக்கம் போனது. யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சித்தப்பா முறையாகிற ராக்கப்பன் மெதுவாக வந்து அவள் அருகில் குத்தவைத்தார்.

“அய்யாவுக்காகவாச்சும் ஒரு நிமிசம் மனசு வையி ஆத்தா. வந்து மொகத்தைப் பாத்துட்டுப் போயிரட்டும்.”

“வச்சுத்தான் பாக்குறேன் சித்தப்பா. வரமாட்டேங்குது.”

அது பொய்யில்லை. அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மை போட்டிருந்த பிள்ளையை நினைத்தாள். கல்லூரிக்குப் போன முதல் நாள் பஸ் ஜன்னலில் அழுத முகத்தை நினைத்தாள். விமானத்தில் கோத்த விரல்களை நினைத்தாள். எதை நினைத்தாலும் அந்த முகம் கடைசியில் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் போய் நின்று, வேறு பக்கம் திரும்பியது. வா, வா, வா என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். வெளியே இருந்தவர்களுக்கு அது ஒப்பாரி போலக் கேட்டது. கதவைத் திறந்து வந்தபோது அவள் முகத்தைப் பார்த்து ராக்கப்பன் பந்தலை நோக்கித் தலையை ஆட்டினார். இனிக் காத்திருக்க வேண்டாம் என்று எல்லாரும் எழுந்தார்கள். பொம்பளை எப்படிக் கொள்ளி வைப்பது என்று இரண்டு பேர் கேட்டார்கள். அப்படியானால் யார் வைப்பது என்று ராக்கப்பன் திருப்பிக் கேட்டதும் வழியைவிட்டு விலகி நின்றார்கள். ராமலெட்சுமி குடத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு மூன்று சுற்று வந்து, திரும்பிப் பார்க்காமல் கொள்ளியை வைத்துவிட்டு வந்தாள்.

முனீஸ்வரன் இப்போதும் வருடத்துக்கு ஒருமுறை விமானம் ஏறுகிறான். பெரும்பாலும் அய்யாவின் திதியை ஒட்டி. அவனுக்கும் கல்யாணமாகி ஒரு மகன் இருக்கிறான். மனைவியும் மகனும் ஒருமுறை கூடவே ஏறி, ஒழுங்காக மதுரை வந்து, ஆவரேந்தலுக்கும் வந்தார்கள். ராமலெட்சுமி அந்தப் பிள்ளைக்குக் கோழியடித்துக் குழம்பு வைத்து, தலை வாரி, கோயிலுக்குக் கூட்டிப் போனாள். அவர்களோடு புறப்பட்டவன் மட்டும் வந்து சேரவில்லை. ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொரு வருடமும் அவன் அவளுக்குப் போன் செய்கிறான். இப்போது இடைவெளி எதுவும் இல்லை, பக்கத்து வயலிலிருந்து பேசுவது போல உடனே கேட்கிறது. வரட்டுமாக்கா என்கிறான். அவள் ஏமாற்றுவதில்லை. “வாயி வான்னுதான் சொல்லுது முனீஸ். மத்ததுக்கு நான் பொறுப்பில்ல. நீ ஏறிப் பாரு” என்கிறாள். அவன் ஏறுகிறான். தன் திரையில் எண் கொஞ்ச தூரம் குறைந்து, பிறகு நிற்பதைப் பார்க்கிறான். போன வருடம் கூடுதலாக ஒரு மணி நேரம் குறைந்ததாகச் சொன்னான். அப்படியா என்று கேட்டுக்கொண்டாள்.

ஆக்லாந்து எவ்வளவு தூரம் என்று வெளியூர்க்காரர்கள் யாராவது கேட்டால், ஆவரேந்தலில், யாருக்கு என்று கேட்டுக்கொண்டுதான் பதில் சொல்கிறார்கள்.